மூன்றாம் தரம் சொல்லும் முன்

வாசகர் கேள்வி – பதில்: அறப்பணிக்காக ஏலம் நடத்துவது பற்றி

கூட்டுறவு வங்கியில் பணியாற்றிய காலத்தில், தவணை கடந்து மூழ்கிய அடகு நகைகளின் ஏலத்தை மேற்பார்வையிடுவது என் வேலைகளில் ஒன்றாக இருந்தது. நகையை மீட்க முடியாமல் போனவர் கூடத்தின் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும்போது அந்த நகைக்கு விலை கூறுவது எத்தனை கடினமானது என்பதை அங்கேதான் அறிந்தேன். ஓய்வு பெற்ற பிறகு, பள்ளிகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் நிதி திரட்டுவதற்காக நடக்கும் ஏலங்களில் கணக்குப் பொறுப்பை ஏற்று வருகிறேன். இரண்டு இடங்களிலும் ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம் என்று அதே சொற்களைத்தான் சொல்கிறார்கள். ஆனால் இங்கே பொருளைக் கொடுத்தவர் அதை விரும்பிக் கொடுத்திருக்கிறார். அந்த விருப்பத்துக்கு ஊறு நேராமல் பார்த்துக்கொள்வதே ஏலம் நடத்துபவரின் முதல் பொறுப்பு என்பது என் உறுதியான கருத்து. இது தொடர்பாக வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

ஐயா, எங்கள் ஊர் அரசு உயர்நிலைப் பள்ளியின் முன்னாள் மாணவர்கள் சேர்ந்து, பள்ளி நூலகத்துக்கு அலமாரிகள் வாங்குவதற்காக ஓர் ஏலம் நடத்த முடிவு செய்திருக்கிறோம். பொருள்களை யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. வழி கூறுங்கள்.
– சங்கச் செயலாளர், தென்காசி மாவட்டம்

பொருள் கேட்கப் புறப்படுவதற்கு முன்பு, எத்தனை அலமாரிகள், அவற்றின் விலை என்ன, மொத்தம் எவ்வளவு தேவை என்பதை ஒரு தச்சரிடமோ கடையிலோ விலைப்பட்டியல் வாங்கி எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 'பள்ளிக்கு ஏதாவது செய்கிறோம்' என்று கேட்பவருக்குப் பழைய சுவர்க்கடிகாரம் கிடைக்கும். 'ஆறு அலமாரிகள் வாங்க இவ்வளவு தொகை வேண்டும், உங்கள் பொருள் ஓர் அலமாரியின் விலைக்காவது ஈடாகும்' என்று கேட்பவருக்குக் கொடுப்பவர் யோசித்துக் கொடுப்பார். அடுத்ததாக, ஏலத்துக்கு யார் வரப்போகிறார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். வருகிறவர்கள் பெரும்பாலும் உள்ளூர் விவசாயிகளும் ஆசிரியர்களும் விடுமுறைக்கு ஊர் திரும்பியவர்களும் என்றால், நட்சத்திர விடுதியில் ஒரு நாள் தங்கும் சீட்டை விடப் பத்தமடைப் பாய் ஒன்றுக்குப் போட்டி அதிகமாக இருக்கும்.

உங்கள் பகுதியில் கேட்டுப் பெறத்தக்கவை ஏராளமாக இருக்கின்றன. தாமிரபரணிக் கரைக் கோரையில் நெய்யப்படும் பத்தமடைப் பட்டுப்பாய், அம்பாசமுத்திரத்து மரச் சொப்புச் சாமான்கள், புளியங்குடி எலுமிச்சையில் போட்ட ஊறுகாய் எனத் தொடங்கலாம். அதைவிடவும் நான் வற்புறுத்துவது, கடையில் விலைக்குக் கிடைக்காதவற்றைக் கேளுங்கள் என்பதுதான். முன்னாள் மாணவர்களில் சமையற்கலைஞர் ஒருவர் இருந்தால் ஐம்பது பேருக்கு இலை போட்டு விருந்து சமைத்துத் தருவதாக எழுதித் தரலாம். நாகசுர வித்துவான் ஒருவர் இருந்தால் புதுமனைப் புகுவிழாவில் ஒரு மணி நேரம் வாசிப்பதாகத் தரலாம். தோப்பு வைத்திருப்பவர் ஒரு மாமரத்தின் ஒரு பருவக் காய்ப்பை முழுவதும் தரலாம். வாடகைக் கார் ஓட்டுபவர் ஒரு குடும்பத்தைக் குற்றாலத்துக்கு அழைத்துச் சென்று வருவதாகத் தரலாம். நான் கணக்குப் பார்த்த ஏலங்களில் ஏறக்குறைய ஒவ்வொரு முறையும், சந்தை விலையைத் தாண்டிச் சென்றவை இத்தகைய கொடைகளே. கையில் ரொக்கம் இல்லாதவரும் தம் தொழிலைக் கொடையாகத் தர இதனால் இடம் கிடைக்கிறது.

கேட்பதற்குக் குறைந்தது மூன்று மாதம் ஒதுக்குங்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்திய வாரங்களில் கடைக்காரர்களிடம் போக வேண்டாம். அவர்களுக்கு நின்று பேச நேரம் இருக்காது. ஒரே கடைக்கு மூன்று உறுப்பினர்கள் மூன்று நாள்களில் போய் நிற்பது சங்கத்தின் மதிப்பைக் குறைத்துவிடும் என்பதால், யார் யாரிடம் போவது என்று முதலிலேயே பிரித்து எழுதிக்கொள்ளுங்கள். கையில் ஒரு பக்கக் கடிதம் இருக்கட்டும். அதில் நோக்கம், ஏல நாள், இடம், பொருளை எந்த நாளுக்குள் நீங்களே வந்து பெற்றுக்கொள்வீர்கள், பணம் எந்த வங்கிக் கணக்கில் சேரும், கணக்கை எப்போது வெளியிடுவீர்கள் என்பவை இருந்தால் போதும். கொடுப்பவரை வண்டி பிடித்துப் பொருளைக் கொண்டுவந்து சேர்க்கும்படி விடாதீர்கள். பாதிப் பொருள்கள் அந்த இடத்தில்தான் நின்றுபோகின்றன.

பொருள் கைக்கு வந்த அந்த நிமிடமே ரசீது கொடுத்துவிட வேண்டும். அத்துடன் கட்டுப்போட்ட பதிவேடு ஒன்றில் வரிசை எண், கொடுத்தவர் பெயர், பொருளின் முழு விவரம், அவர் கூறிய மதிப்பு, அது இப்போது யார் வீட்டில் இருக்கிறது, அவர் விதித்த நிபந்தனை ஆகியவற்றை எழுதுங்கள். நிபந்தனை என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 'பெயரைச் சொல்ல வேண்டாம்' என்று ஒருவர் கேட்டுக்கொண்டிருப்பார். 'என் தாயாரின் நினைவாக என்று அறிவியுங்கள்' என்று மற்றொருவர் கேட்டிருப்பார். ஏல மேடையில் இவை இரண்டும் மாறிப்போனால், அதைத் திருத்த வழியே இல்லை.

வேண்டாத பழைய பொருள்களைச் சிலர் தள்ளிவிடுகிறார்கள். ஓடாத மிக்சி, கிழிந்த சேலை, கால் உடைந்த நாற்காலி எல்லாம் வந்து குவிந்துவிட்டன. மறுத்தால் மனம் வருந்துவார்களே?
– ஒரு வாசகி, கும்பகோணம்

மறுப்பதற்கான விதியை முன்கூட்டியே கடிதத்தில் அச்சிட்டுவிட்டால் வருத்தம் பாதியாகக் குறையும். 'புதியதாகவோ, நல்ல நிலையில் பயன்படுவதாகவோ, கைவினையாகவோ இருக்கும் பொருள்களை மட்டும் ஏற்கிறோம்' என்ற ஒரு வரி போதும். அப்படியும் கொண்டுவந்துவிட்டால், வாங்கிக்கொண்டு பிறகு குப்பையில் போடுவதை விட அப்போதே கைகூப்பி மறுப்பது நேர்மையானது. இப்போது குவிந்திருப்பவற்றைப் பழைய பொருள் வாங்குபவரிடம் எடைக்குப் போட்டு, வந்த தொகையைத் தனி வரியாகக் கணக்கில் எழுதிவிடுங்கள்; கொடுத்தவர்களிடமும் அதைத் தெரிவித்துவிடுங்கள்.

எங்கள் முதியோர் இல்லத்துக்காக நடக்கவிருக்கும் ஏலத்துக்கு, ஊரில் தனியாக வசிக்கும் ஒரு பாட்டி தாம் முடைந்த இரண்டு பனையோலைக் கொட்டான்களை (சிறு கூடைகளை) கொடுத்திருக்கிறார். மற்றப் பொருள்களோ குளிர்சாதனப் பெட்டி, தங்க நாணயம் என்று இருக்கின்றன. இவற்றை மேடையில் வைத்து யாரும் கேட்காமல் போனால் பாட்டிக்கு அவமானமாகிவிடுமே என்று குழுவில் சிலர் தயங்குகிறார்கள். தனியாக யாராவது விலைக்கு வாங்கிக்கொள்ளலாமா?
– நிர்வாகக் குழு உறுப்பினர், இராமநாதபுரம் மாவட்டம்

இந்த வாரக் கடிதங்களில் என்னை அதிக நேரம் யோசிக்க வைத்தது இதுதான். தங்கள் குழுவினரின் தயக்கம் நல்லெண்ணத்திலிருந்து வருகிறது என்பதை உணர்கிறேன். ஆனால் முடிவு தவறு. பாட்டி ஏலத்துக்கென்று கொடுத்ததை ஏலத்திலிருந்து மறைப்பது, அவர் கொடுத்தது சிறியது என்று அவரிடமே சொல்வதற்குச் சமம்.

2024ஆம் ஆண்டு காஷ்மீரில் சோபோர் அருகே மால்போரா என்னும் சிற்றூரில் மசூதி கட்டுவதற்காக வீடு வீடாக நிதி திரட்டியபோது நடந்ததைச் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். ஏழை வீடு ஒன்றிலிருந்து ஒரு முட்டை கிடைத்தது. அதையும் மற்றப் பொருள்களோடு ஏலத்துக்கு வைத்தார்கள். எடுத்தவர் பணத்தைக் கொடுத்துவிட்டு முட்டையை மறுபடியும் குழுவிடமே ஒப்படைத்தார். அடுத்தவர் எடுத்தார், அவரும் திருப்பிக் கொடுத்தார். இப்படிக் கைமாறிக் கைமாறி, கடைசியாக ஓர் இளம் வியாபாரி 70,000 ரூபாய்க்கு எடுத்ததோடு நிறுத்தினார்கள். அந்த ஒரு முட்டையிலிருந்து சேர்ந்த மொத்தத் தொகை ஏறத்தாழ 2.26 லட்சம் ரூபாய்.

இது நமக்குப் புதிய வழக்கமும் அன்று. தென்மாவட்டத் தேவாலயங்களில் அறுப்பின் பண்டிகையன்று மக்கள் கொண்டுவரும் வாழைத்தாரும் கோழியும் கருப்பட்டியும் ஆராதனை முடிந்து வளாகத்தில் ஏலம் விடப்படுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு சீப்புப் பழம் கடை விலையைப் போல் பல மடங்குக்குப் போகும், எடுத்தவர் அதை மறு ஏலத்துக்குக் கொடுத்துவிடுவதும் உண்டு. விழுப்புரம் மாவட்டம் திருவெண்ணெய்நல்லூர் அருகே ஒட்டனந்தல் முருகன் கோயிலில் பங்குனி உத்திர விழாவின் ஒன்பது நாளும் வேலில் குத்தி வைத்த ஒன்பது எலுமிச்சம்பழங்களை ஏலம் விடுகிறார்கள். 2024இல் அவை சுமார் 2.36 லட்சம் ரூபாய்க்குப் போயின. அங்கே பக்தியும் பிள்ளை வரம் வேண்டும் நம்பிக்கையும் விலையை உயர்த்துகின்றன. அதை நிதி திரட்டும் ஏலத்தோடு ஒன்றாகக் கருத முடியாது என்றாலும், ஏலத்தில் கூடியிருப்பவர்கள் பொருளின் சந்தை மதிப்புக்கு மட்டும் பணம் கொடுப்பதில்லை என்பதற்கு அது நல்ல சாட்சி.

ஆகவே கொட்டான்களை மேடையிலேயே வையுங்கள். ஆனால் குளிர்சாதனப் பெட்டிக்கு அடுத்ததாக வைக்காதீர்கள். ஏலம் தொடங்கும்போது முதல் பொருளாக, நூறு ரூபாய்த் தொடக்க விலையில் வையுங்கள். பனங்குருத்தைக் கிழித்து, காயவைத்து, சாயமேற்றி, முடைந்து முடிக்க எவ்வளவு பொறுமை வேண்டும் என்பதை ஏலம் கூறுபவர் நாலு வாக்கியத்தில் சொல்லட்டும். பாட்டியின் வறுமையைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். அவருடைய கைத்திறனைப் பற்றி மட்டும் பேசட்டும். மறு ஏலத்துக்கு விடலாமா என்பதை எடுத்தவரே தீர்மானிக்க வேண்டும், அவரை மேடையிலிருந்து வற்புறுத்தக் கூடாது. பாட்டியைக் கூடத்துக்கு அழைப்பதா வேண்டாமா என்று அவரிடமே கேளுங்கள். வருவதாகச் சொன்னால் அழைத்து வரவும் கொண்டுபோய் விடவும் ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள்.

தொடக்க விலையை எப்படி நிர்ணயிப்பது? எல்லாப் பொருளையும் மேடையில் கூவி ஏலம் விட நேரம் போதவில்லை.
– அரிமா சங்க உறுப்பினர், கோயம்புத்தூர்

ஒரு பொருளுக்கு மூன்று நிமிடம் என்று வைத்துக்கொண்டால், முப்பது பொருள்களுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகிவிடும். அதற்கு மேல் கூட்டம் அமர்ந்திருக்காது. எனவே மேடைக்கு இருபத்தைந்து முதல் முப்பது பொருள்களைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, மற்றவற்றை எழுத்து ஏலமாக வையுங்கள். கூடத்தின் ஓரத்தில் மேசைகளில் பொருள்களைப் பரப்பி, ஒவ்வொன்றின் முன்னும் ஒரு தாளை வைத்துவிட்டால், விரும்புகிறவர்கள் தங்கள் விலையை அதில் எழுதுவார்கள். அடுத்தவர் அதைவிடக் கூட்டி எழுதுவார். நுழைவாயிலிலேயே ஒவ்வொருவரின் பெயரையும் கைப்பேசி எண்ணையும் பதிந்துகொண்டு ஒரு வரிசை எண் அட்டையைக் கொடுத்துவிடுங்கள். தாளில் பெயருக்குப் பதிலாக அந்த எண்ணை எழுதச் சொன்னால், யார் எவ்வளவு கேட்டார்கள் என்ற பேச்சு எழாது. ஐந்நூறு ரூபாய் மட்டுமே கேட்க முடிந்தவரும் கூச்சமின்றி எழுதுவார். எழுத்து ஏலம் முடியும் நேரத்தை ஒலிபெருக்கியில் பத்து நிமிடம் முன்பாகவும் இரண்டு நிமிடம் முன்பாகவும் அறிவித்து, குறித்த நேரத்தில் தாள்களின் மேல் ஒரே வீச்சில் கோடு போட்டு எடுத்துவிடுங்கள்.

தொடக்க விலையைச் சந்தை விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு அருகில் வைப்பது என் வழக்கம். மூவாயிரம் ரூபாய்ப் பாயை ஆயிரத்தில் தொடங்கினால் பத்துக் கைகள் உயரும். இரண்டாயிரத்து ஐந்நூறில் தொடங்கினால் கூடம் அமைதியாகிவிடும், அந்த அமைதி அடுத்த பொருளையும் தொற்றிக்கொள்ளும். தங்கம், வெள்ளிக்கு மட்டும் இந்த விதி பொருந்தாது. அவற்றை இரண்டு கடைகளில் எடை போட்டு, அன்றைய உலோக விலைக்குக் குறையாமல் தொடங்குங்கள். கொடுத்தவர் அதை நேராக விற்றுப் பணமாகத் தந்திருக்கலாம் அல்லவா? விலையேற்றப் படியையும் முன்பே அறிவித்துவிடுங்கள். ஆயிரம் வரை ஐம்பது ஐம்பதாகவும், ஐயாயிரம் வரை இருநூறு இருநூறாகவும், அதற்கு மேல் ஐந்நூறாகவும் வைக்கலாம்.

சிறிய பொருள்களில் தொடங்குங்கள். விலை உயர்ந்தவற்றைக் கூட்டம் சூடுபிடித்த பிறகு, ஆனால் சாப்பாட்டுக்கு முன்பு கொண்டுவந்துவிடுங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு எந்தப் பொருளும் வேண்டாம். ஏலம் கூறுவதற்கு மேடைப் பேச்சாளரைத் தேடாமல், மீன் ஏலக்கூடத்திலோ காய்கறிச் சந்தையிலோ நாள்தோறும் ஏலம் கூறுபவர் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். கூட்டத்தின் எந்த மூலையில் எந்த விரல் அசைந்தது என்பதைக் காணும் கண் அவர்களுக்கு உண்டு. நான் பார்த்த மிகச் சிறந்த அறப்பணி ஏலத்தை நடத்தியவர் மீன் இறங்குதளத்தில் முப்பது ஆண்டுகள் ஏலம் கூறியவர். அவர் அன்று கூலி வாங்க மறுத்துவிட்டார்.

புகழ் பெற்றவர்களின் கையெழுத்திட்ட பொருள்களைக் கேட்டு வாங்கி ஏலம் விடலாமா?
– கல்லூரி மாணவர், திருச்சி

தாராளமாகக் கேட்கலாம். 1933 நவம்பரில் தொடங்கி தீண்டாமை ஒழிப்புக்காக ஒன்பது மாதங்கள் நடந்த ஹரிஜன யாத்திரையில் காந்தியடிகள் தமக்கு அளிக்கப்பட்ட வரவேற்புப் பத்திரங்களையும் பேழைகளையும் அந்தக் கூட்டத்திலேயே ஏலம் விட்டு நிதியில் சேர்த்தார். கையெழுத்துக் கேட்டு வந்தவர்களிடம் ஐந்து ரூபாய் பெற்றுக்கொண்டு கையெழுத்திட்டார். அந்த யாத்திரை 1934ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் தமிழகத்திலும் நடந்தது. நம் காலத்தில், 2011 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் தோனி ஆடிய மட்டை அதே ஆண்டு இலண்டனில் நடந்த அறநிதி விருந்தில் ஒரு லட்சம் பவுண்டுக்கு, அதாவது அன்றைய மதிப்பில் சுமார் 72 லட்சம் ரூபாய்க்குப் போயிற்று.

தோனியின் அந்த மட்டையை உலகமே திரையில் பார்த்திருந்தது. உங்களுக்குக் கிடைக்கும் மட்டைக்கு அப்படிப்பட்ட சாட்சி இல்லை என்பதை நினைவில் வைத்து, கையெழுத்திடும்போது எடுத்த படத்தையோ கொடுத்தவரின் கடிதத்தையோ பொருளோடு சேர்த்து வையுங்கள். அது இல்லாத எதையும் 'இன்னாருடையது' என்று அறிவிக்க வேண்டாம்.

எங்கள் பூர்வீக வீட்டிலிருந்து ஒரு ஜோடி மான் கொம்பு, ஒரு கட்டு ஓலைச்சுவடி, தாத்தா காலத்துக்கும் முந்திய வெண்கலச் சிலை ஒன்று ஆகியவற்றை ஏலத்துக்குத் தர விரும்புகிறேன். நல்ல விலைக்குப் போகும் அல்லவா?
– ஒரு வாசகர், புதுக்கோட்டை

தங்களுடைய தாராள மனத்துக்கு வணக்கம். ஆனால் மூன்றையும் ஏலத்துக்கு அனுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மான் கொம்பும் புலி நகமும் யானைத் தந்தமும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டவை. உரிமைச் சான்று பெற்று வைத்திருப்பவர்கூட அவற்றை விற்கக் கூடாது என்று அந்தச் சட்டம் சொல்கிறது. நல்ல நோக்கத்துக்காக விற்றோம் என்பது அங்கே எடுபடாது. கொடுத்தவர், ஏலம் விட்டவர், எடுத்தவர் என அனைவரும் சிக்கலுக்கு உள்ளாவார்கள். சான்று இல்லையென்றால் ஒரு வழக்கறிஞரைக் கலந்துகொண்டு வனத்துறையை அணுகுங்கள்.

சிலையும் சுவடியும் வேறொரு சட்டத்துக்குள் வருகின்றன. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைக் கருவூலச் சட்டத்தின்படி நூறாண்டுக்குக் குறையாத கலைப்பொருள்களும், எழுபத்தைந்து ஆண்டுக்குக் குறையாத சுவடிகளும் தொல்பொருள்களாகக் கருதப்படுகின்றன. பதிவு, உரிமம் ஆகியவற்றுக்கு அதில் விதிகள் இருப்பதால், தொல்லியல் துறையின் பதிவு அலுவலரைக் கேட்காமல் சிலையை வீட்டை விட்டு வெளியே எடுக்காதீர்கள். சுவடியைப் பொறுத்தவரை சட்டத்துக்கும் அப்பால் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. ஏலத்தில் எடுப்பவர் அதை வரவேற்பறையில் கண்ணாடிக்குள் தொங்கவிடுவார். உள்ளே இருப்பது மருத்துவமா, கணக்கா, இதுவரை அச்சேறாத ஒரு செய்யுள் நூலா என்பது யாருக்கும் தெரியாமலே போய்விடும். தஞ்சை சரசுவதி மகால் நூலகமோ, சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகமோ, பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகமோ அதைப் படித்துப் பாதுகாக்கும். பழைய இதழ்களும் நூல்களும் குவியலாகக் கிடைத்தால், தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திடம் ஒரு பட்டியலை அனுப்பிக் கேட்ட பிறகு மற்றவற்றை ஏலத்துக்கு வையுங்கள்.

நூறு ரூபாய்ச் சீட்டு விற்றுக் குலுக்கல் முறையில் ஒரு ஸ்கூட்டர் பரிசளித்தால் ஏலத்தைவிட அதிகம் சேருமே?
– ஒரு வாசகர், சேலம்

வேண்டாம். தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை இருக்கிறது. பணம் பெற்றுக்கொண்டு அதிர்ஷ்டத்தின் பேரில் பரிசளிப்பது, அறப்பணிக்காக என்றாலும், அந்த வகையில் சேர்ந்துவிடும். வெளிநாட்டிலிருந்து வந்த நண்பர் கொடுக்கும் மதுப்புட்டியையும் அவ்வாறே மறுத்துவிடுங்கள். உரிமமின்றி அதை விற்க முடியாது.

ஏலத்தில் பொருள் எடுத்தவர்கள் வருமான வரிச் சலுகைக்கான 80ஜி ரசீது கேட்கிறார்கள். பொருள் கொடுத்த கடைக்காரரும் கேட்கிறார். கொடுக்கலாமா?
– அறக்கட்டளைப் பொருளாளர், ஈரோடு

கடைக்காரருக்கு நன்றிக் கடிதமும் பொருள் பெற்றதற்கான ரசீதும் கொடுக்கலாம். 80ஜி சலுகை பணமாகக் கொடுத்த நன்கொடைக்கு மட்டுமே உரியது, பொருளுக்கு இல்லை. ஏலத்தில் எடுத்தவர் கொடுத்தது ஒரு பொருளுக்கான விலை. பதிலுக்கு எதையும் பெறாமல் கொடுப்பதே நன்கொடை. ஆகவே ஏலத் தொகைக்கு அந்த ரசீதைக் கொடுத்துவிடாதீர்கள். இதை ஏலத்துக்கு முன்பே அறிவிப்புப் பலகையில் எழுதி வைப்பது நல்லது, ஏனென்றால் பின்னர் தெரியவந்தால் ஏமாற்றப்பட்டதாக எண்ணுவார்கள்.

கூடத்திலேயே நன்கொடைக்கென்று ஒரு தனி மேசை வையுங்கள். எந்தப் பொருளும் வேண்டாம், கொடுக்க மட்டும் விரும்புகிறேன் என்பவர் அங்கே வரட்டும். தங்கள் அறக்கட்டளைக்கு 80ஜி பதிவு இருந்தால் அவருக்கு ரசீது தரலாம். 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்க நன்கொடைக்குச் சலுகை கிடையாது என்பதையும், பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கே இது பயன்படும் என்பதையும் மேசையில் இருப்பவர் அறிந்திருக்க வேண்டும். எந்தத் தொகையும், ஒரு நாளைக்குக்கூட, தனி ஒருவரின் கணக்குக்கோ யுபிஐ எண்ணுக்கோ போகக் கூடாது.

சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்ற என் அக்கா கைப்பேசி வழியாக ஏலத்தில் கலந்துகொள்ள விரும்புகிறார். எங்கள் சங்கத்துக்கு வெளிநாட்டு நன்கொடைப் பதிவு இல்லை.
– ஒரு வாசகர், நாகப்பட்டினம்

இந்தியக் கடவுச்சீட்டோடு சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஒருவர் தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடையாகாது. தங்கள் அக்காவோ வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டதால், 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் வருகிறார். பதிவு பெற்ற அமைப்புகள்கூடப் புது தில்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளைக் கணக்கில் மட்டுமே அத்தகைய பணத்தை முதலில் பெற வேண்டும். பதிவு இல்லாத தங்கள் சங்கம் அவரிடமிருந்து தொகை பெறுவதை அருள்கூர்ந்து தவிர்த்துவிடுங்கள். அக்கா தங்கள் கணக்குக்கு அனுப்பி, தாங்கள் சங்கத்துக்குக் கட்டுவது என்று சிலர் யோசனை சொல்வார்கள். அது சட்டத்தைச் சுற்றிக்கொண்டு போவது, அதையும் செய்யாதீர்கள். அவருடைய அன்புக்கு வேறு வழி உண்டு. அவர் சிறுவயதில் படித்த பள்ளியைப் பற்றியோ, தெரிந்த மனிதர்களைப் பற்றியோ ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லி, ஏலத்தின் தொடக்கத்தில் வாசியுங்கள்.

விலை ஏறாதபோது குழு உறுப்பினர்களே கூட்டத்தில் கலந்து நின்று கேட்டு ஏற்றிவிடலாம் என்கிறார்கள். நிதி நல்ல காரியத்துக்குத்தானே? மேலும், எடுத்துவிட்டுப் பணம் கட்டாமல் போகிறவரை என்ன செய்வது?
– விழாக் குழுத் தலைவர், மதுரை

முதல் கேள்விக்கு என் பதில் கடுமையாகவே இருக்கும். பல ஆண்டுகளுக்கு முன், ஒரு பள்ளியின் கட்டட நிதிக்காக நடந்த ஏலத்தில் நான் கணக்கு மேசையில் இருந்தேன். ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர், தம் மாணவர் வரைந்த ஓவியத்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு எதிராகக் கேட்டவர் குழுவைச் சேர்ந்தவர் என்பதும், வாங்கும் எண்ணம் அவருக்கு இல்லை என்பதும் எனக்கு அப்போது தெரியாது. ஆசிரியர் தம்மால் இயன்றதை விட அதிகத் தொகைக்கு எடுத்தார். மறுநாள் உண்மை வெளிப்பட்டபோது அவர் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பள்ளியின் எந்த விழாவுக்கும் அவர் வரவில்லை. அன்று நான் கையெழுத்திட்ட கணக்கில் ஒரு ரூபாய்கூடத் தவறு இல்லை. ஆனாலும் அந்தத் தாளை நினைக்கும்போது இன்றும் மனம் கனக்கிறது.

சட்டமும் இதை ஏற்பதில்லை. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 64ஆம் பிரிவு ஏலத்தைப் பற்றியது. விற்பவர் தம் சார்பில் கேட்கும் உரிமையை வெளிப்படையாக அறிவித்து வைத்துக்கொள்ளாமல், தாமோ வேறொருவர் மூலமோ கேட்டால், எடுத்தவர் அந்த விற்பனையை மோசடி என்று கருதலாம். விலையை ஏற்றுவதற்காகப் பொய்யாகக் கேட்டால், எடுத்தவர் விற்பனையையே மறுத்துவிடலாம். ஒரு பொருள் இன்ன விலைக்குக் கீழே போகக் கூடாது என்று நினைத்தால், அந்தக் குறைந்தபட்ச விலை உண்டு என்பதைத் தொடக்கத்திலேயே அறிவித்துவிடுங்கள். அதற்குச் சட்டமே இடம் தருகிறது. குழு உறுப்பினர் உண்மையாகவே ஒரு பொருளை விரும்பினால், மற்றவர்களைப் போல எண் அட்டை வாங்கிக்கொண்டு, அவர் குழுவைச் சேர்ந்தவர் என்பதை மேடையில் சொல்லிவிட்டுக் கேட்கட்டும்.

பணம் கட்டாதவர் பற்றி. மூன்றாம் தரம் சொல்லி முடிக்கும் வரை கேட்டவர் தம் கேட்பைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம் என்பதும் அதே பிரிவில் உள்ளது. ஆகவே ஏலம் கூறுபவர் மூன்று தரத்தையும் ஒரே மூச்சில் கொட்டிவிடாமல், ஒவ்வொன்றுக்கும் இடைவெளி விட்டுச் சொல்ல வேண்டும். உணர்ச்சி வேகத்தில் கை தூக்கியவர் பின்வாங்க அந்த இடைவெளி உதவும். மூன்றாம் தரத்துக்குப் பின் விற்பனை முடிந்துவிட்டது. பொருளை மேடையிலிருந்து நேராக எடுத்தவர் கையில் கொடுக்காமல், கணக்கு மேசைக்கு அனுப்பி, தொகை வந்த பிறகு ரசீதோடு கொடுங்கள். அன்றே கட்ட இயலாதவருக்கு ஏழு நாள் கொடுத்து, பொருளைக் குழுவின் பாதுகாப்பில் வைத்திருங்கள். ஏழாம் நாளும் வராவிட்டால், அவருக்கு அடுத்தபடியாகக் கேட்டவரைத் தொலைபேசியில் அழைத்து அவர் கேட்ட விலைக்கே தருவதாகச் சொல்லுங்கள். இந்த ஏற்பாட்டையும் எண் அட்டையின் பின்புறத்தில் முன்கூட்டியே அச்சிட்டிருக்க வேண்டும். கட்டாதவரின் பெயரை எங்கும் வெளியிடாதீர்கள். அடுத்தவரும் வேண்டாம் என்றால், பொருளைக் கொடுத்தவர் வீட்டுக்கு நேரில் சென்று நடந்ததைக் கூறி, அடுத்த ஏலத்துக்கு வைத்திருக்கலாமா, திரும்பப் பெற்றுக்கொள்கிறாரா என்று கேட்டு, அவர் சொல்வதைப் பதிவேட்டில் அந்தப் பொருளின் வரிசை எண்ணுக்கு எதிரே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.